வெள்ளிக் குத்துவிளக்கும் ஒரு வி.எச்.எஸ். கேசட்டும்

1993-ல் அக்கா கல்யாணத்துக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வைத்தது அத்தையா, பெரியம்மாவா என்ற வழக்கு போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் விசாரணைக்கு வந்தது. எந்த விசேஷமானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இது கிளம்பும். யாராவது காபியைக் கொடுத்து அமுக்கிவிடுவார்கள். இந்தத் தடவை அத்தை அசரவில்லை. ரெண்டில் ஒன்று தெரியாமல் ஊருக்குக் கிளம்ப மாட்டேன் என்று பையைப் பிரித்துப் புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

விளக்கு இப்போது இல்லை. அக்கா அதைப் போட்டுவிட்டுக் குழந்தைக்குக் கொலுசு வாங்கியே பல வருஷமாகிறது. "யார் வெச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் புகையில கண்ணைக் கசக்கிட்டு மணையில உட்கார்ந்திருந்தேன்" என்கிறாள். ஆல்பத்தைப் புரட்டினால், சீர்வரிசை வைத்த மேஜைக்கு முன்னால் பெரியப்பா நிற்கிறார். பெரியப்பா அகலமான மனிதர். மேஜையின் ஒரு கால் மட்டும் தெரிகிறது. ஆக, மிச்சமிருந்த ஒரே சாட்சி கல்யாணக் கேசட்.

கேசட் பத்திரமாகத்தான் இருந்தது, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில். பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பொத்தானை நகத்தால் அழுத்தி முன்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு நாடாவின் ஓரமெல்லாம் வற்றலில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அந்துருண்டை என்ன செய்யும்?

பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் கடையில் விசாரித்தேன். மணிக்கு இவ்வளவு, பூஞ்சைக்குத் தனி, கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அத்தைக்கு அந்தக் கடைசி நிபந்தனை பிடிக்கவில்லை. "வெளியாள் கையில கொடுக்காதேடா. எல்லார் கழுத்துலயும் நகை தெரியும்" என்றாள். 1993-ல் போட்டிருந்த நகையைப் பார்த்துவிட்டு இன்றைக்கு எந்தத் திருடன் வருவான் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அத்தையிடம் தர்க்கம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

சரி, கேசட்டைப் போட்டுப் பார்க்கும் டெக்குக்கு எங்கே போவது? ஒரு காலத்தில் தெருமுனைக் கடையில் சொன்னால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் கலர் டி.வி.யையும் டெக்கையும் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து இறக்குவார்கள். நாலு படம், விடிய விடிய. மூன்றாவது படத்தில் பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்குவார்கள். ஆனாலும் காசு கொடுத்த அப்பா, பார்க்காமல் திருப்பிக் கொடுப்பது அநியாயம் என்று காலை ஆறு மணிவரை தனி ஆளாக உட்கார்ந்து பார்த்து முடிப்பார். படம் எப்படி இருந்தது என்று கேட்டால் "சவுண்டு நல்லா இருந்தது" என்பார். இப்போது டெக் தயாரிக்கவே உலகத்தில் ஆள் இல்லை. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு கடையைக் கட்டிவிட்டது.

கீழ்வீட்டு சாரிடம் இருந்தது. சாரிடம் எதுதான் இல்லை? அவர் பரணில் பேஜர் இருக்கிறது, பெல்ட் கரைந்து தார் ஆகிப்போன வாக்மேன் இருக்கிறது, வால்வு ரேடியோ இருக்கிறது. அந்த ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய புத்தகமும் இருக்கிறது. துபாயிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்த டெக்கை வெல்வெட் உறை போட்டு வைத்திருந்தார். "சார், உங்க வி.சி.பி. ஓடுமா?" என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"வி.சி.பி. இல்ல தம்பி. அது வெறும் பிளேயர். இது வி.சி.ஆர்., ரெக்கார்டே பண்ணும்."

அப்புறம் வகுப்பு ஆரம்பித்தது. சோனி 1975-ல் பீட்டாமேக்ஸ் என்கிற வீடியோ கேசட்டை விட்டதும், மறு வருஷம் ஜே.வி.சி. வி.எச்.எஸ். விட்டதும், படம் பீட்டாவில்தான் துல்லியம் என்பதும், ஆனால் முதலில் வந்த பீட்டா கேசட் ஒரு மணி நேரம்தான் ஓடும், வி.எச்.எஸ். ரெண்டு மணி நேரம் ஓடும் என்பதும். "ஒரு மணி நேரத்துல நம்ம ஊர்ல மாப்பிள்ளை அழைப்பே முடியாதே தம்பி, பீட்டா எப்படி ஜெயிக்கும்?" என்றார். ஒரு சர்வதேச வியாபாரப் போரை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே போட்டால் டெக்குக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று, சார் முகக்கவசம் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டார். அடியில் அஞ்சு திருகாணி. கழற்றி, இரண்டு சக்கரங்களையும் கையாலேயே சுற்றச் சுற்ற, நான் மெல்லிய துணியை நாடாவில் பிடித்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணி நேரக் கேசட்டில் கிட்டத்தட்ட 258 மீட்டர் நாடா. அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டபோதுகூட நான் இவ்வளவு உழைக்கவில்லை. அது முடிந்ததும் வெள்ளைத் தாளில் ஸ்பிரிட்டைத் தொட்டு, டெக்குக்குள் சுழலும் டிரம்மின் மேல் வைத்து, டிரம்மை மெதுவாக விரலால் சுற்றினார். பஞ்சு வைத்து மேலும் கீழும் தேய்த்தால், அதில் நாடாவைப் படிக்கும் ஹெட் பெயர்ந்துவிடுமாம். நான் பஞ்சோடு போயிருந்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டி.வி.யில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயருக்குத் துளையே இல்லை. ரிச்சி தெருவுக்குப் போய் எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் ஒரு குட்டிப் பெட்டி வாங்கி வந்தேன். அத்தை நடுச் சோபாவில். எதிர்க்கட்சியான பெரியம்மா கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில், சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள்.

பிள்ளையார் வந்தார். தாமரை விரிந்தது. அதற்குள்ளிருந்து அக்கா சுழன்று சுழன்று வந்தாள். மண்டப வாசல், நாதஸ்வரம், மாவிலை. ஆனால் கேட்டது நாதஸ்வரம் இல்லை, சினிமாப் பாட்டு. மொத்தக் கல்யாணத்துக்கும் வீடியோக்காரர் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார். அப்போது பந்தியில் சாம்பார் வாளியோடு மாமா வந்தார். அத்தையின் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

"பாட்டை நிறுத்துடா. மாமா என்னமோ சொல்றார்."

நாடாவின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு தனிக் கோடு உண்டு. படத்தைத் தொடாமல் அதை மட்டும் அழித்துப் பாட்டை ஏற்றிவிட்டால் பழைய சத்தம் திரும்பாது. சார்தான் விளக்கினார், கொஞ்சம் மெதுவான குரலில். அத்தை தலையாட்டினாள். பிறகு, "தெரியும். லைட்டை இலைக்கு நேரா பிடிக்காதே, சாப்பிடுறவங்க கண்ணு கூசுதுன்னு சொல்றார்" என்றாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். மறுபடியும். ரிமோட்டில் பேட்டரி வைக்கும் இடம் துருப்பிடித்துப் போனதால், ஒவ்வொரு தடவையும் நான் தரையில் மண்டியிட்டுப் பொத்தானை அழுத்தினேன். போனுக்குள்ளிருந்து பெரியம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் சீர்வரிசை வந்தது. கேமரா மேஜையின் இந்தக் கோடியிலிருந்து நகர்கிறது. தேங்காய், பழம், பருப்புத் தேங்காய், எவர்சில்வர் குடம். எல்லாரும் சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டோம். விளக்கின் அடிப்பாகம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு வளையல் கை. அந்த நிமிஷத்தில்தான் வீடியோக்காரரின் கலையுள்ளம் விழித்துக்கொண்டது. திரை நடுவில் சிவப்பாக ஒரு இதயம் முளைத்து, பெரிதாகி, விளக்கையும் கையையும் விழுங்கி, உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் சிரித்த முகம் வந்தது. இதயம் விலகியபோது கேமரா ஜமுக்காளத்தில் இருந்தது.

அந்த வீடியோக்காரர் எங்கிருந்தாலும் வாழ்க. இந்த மிக்சிங்குக்குத் தனியாகப் பணம் வேறு வாங்கினாராம். அப்பா இன்னும் சொல்கிறார்.

வழக்கு தள்ளுபடி என்று நான் எழுந்தேன். போன் அலறியது. "நிறுத்து, நிறுத்துடா! அங்க பாரு, உங்க அத்தை கழுத்துல. அது என்னோட முகப்புச் சங்கிலி!"

பாஸ் போட்டேன். டெக்கில் பாஸ் என்றால் படம் நிற்காது, நடுங்கும். குறுக்கே வெள்ளைக் கோடு வேறு வரும். அந்தக் கோடு நேராகப் போய் அத்தை கழுத்திலேயே நின்றது. பெரியம்மா போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு உற்றுப் பார்க்க, எங்களுக்கு அவள் நெற்றிப் பொட்டு மட்டும் தெரிந்தது. நாடா நின்றாலும் டிரம் நிமிஷத்துக்கு 1500 சுற்று என்று ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும், அதனால் ரொம்ப நேரம் விட்டால் டெக்கே பாஸை எடுத்துவிடும் என்று சார் எச்சரித்துக்கொண்டிருக்கும்போதே அது எடுத்துவிட்டது. படம் ஓடி, பந்திக்குப் போய்விட்டது.

அத்தை வாயே திறக்கவில்லை. ஆனால் சாயங்காலம் கொடியிலிருந்த புடவைகள் பைக்குள் போய்விட்டன. கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"பென்டிரைவ்ல போட்டுக் கொடுடா. எல்லாம் வேண்டாம். மாமா வர்ற இடமெல்லாம் மட்டும். அந்தச் சங்கிலி வர்ற இடம் வேண்டாம்."

"மாமா வர்ற பாதி இடத்துல பக்கத்துலயே நீங்கதான் நிக்கறீங்க அத்தை. சங்கிலியோட."

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப, கழுத்துக்கு நேரா ஒரு இதயத்தைப் போட்டுடு."