சேலம் தொடரின் போதகரும் பாஸ்டனுக்குக் குடிவரும் தமிழர்களும்

அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் வேலை கிடைத்துக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தை முதல் அக்டோபரிலேயே யாராவது சேலத்துக்குக் கூப்பிடுவார்கள். நம்மூர் சேலம் இல்லை, 1692-இல் சூனியக் குற்றம் சாட்டி மக்களை விசாரித்துத் தூக்கிலிட்ட, பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர். கிளம்பும் முன் பலர் அந்த விசாரணையை வைத்து 2014 முதல் 2017 வரை வந்த ‘சேலம்’ டி.வி. தொடரைப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் வரும் காட்டன் மேதர் என்ற பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவு) போதகரை நம்பி ஊரைச் சுற்றினால் எதுவும் பொருந்தாது. தெருக்களும் அப்படித்தான்: படப்பிடிப்பு நடந்தது லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில்.

சேத் கேபல் நடித்த மேதர் ஒரு குடிகாரர், விலைமகளிர் வீட்டுக்குப் போகிறவர், குற்றவுணர்வில் தள்ளாடுகிறவர். நிஜ மேதர் பாஸ்டன்காரர், இன்றைய நார்த் எண்ட் பகுதியில் இருந்த இரண்டாம் சபையின் போதகர். விசாரணை நடந்த 1692-இல் அவருக்கு வயது 29. கல்யாணமாகி ஆறு வருஷம். பன்னிரண்டு வயது நிறையும் முன்பே ஹார்வர்டில் சேர்ந்தவர். அப்பா இன்கிரீஸ் மேதரைத் தொடர் ஈவிரக்கமில்லாத சூனிய வேட்டைக்காரர் ஆக்கிவிட்டது. ஆனால் ஒரு நிரபராதி தண்டனை பெறுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்பிப்போவது மேல் என்று அதே 1692 அக்டோபரில் எழுதியவர் இந்த அப்பாதான்.

மகன் விஷயம் சிக்கலானது. அன்று ஆவிச் சாட்சியம் என்று ஒன்று இருந்தது. ‘இந்த அம்மாவின் உருவம் ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது’ என்று ஒரு பெண் சொன்னால் போதும். அந்த அம்மா அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நிரூபித்தாலும் பயனில்லை, வந்தது உடம்பு இல்லையே! ஜூன் 15 அன்று பாஸ்டன் போதகர்கள் சார்பில் மேதர் எழுதிய அறிக்கை இந்தச் சாட்சியத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றது. அதே அறிக்கை கடைசியில், வழக்கைத் துரிதமாகவும் தீவிரமாகவும் நடத்தச் சொல்லி முடிந்தது. நீதிபதிகள் அந்தக் கடைசி வரிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிடப்பட்ட ஐவரில் ஜார்ஜ் பரோஸ் ஒருவர். அவரும் ஹார்வர்டில் படித்த போதகர். ஏணியில் நின்று ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ ஜெபத்தைப் பிசகில்லாமல் சொல்லி முடித்தார். சூனியம் செய்பவரால் அதைச் சொல்ல முடியாது என்பது அன்றைய நம்பிக்கை, கூட்டம் கலங்கிவிட்டது. குதிரை மேல் இருந்த மேதர், சாத்தானும் ஒளியின் தூதன் வேஷம் போடுவான் என்று பேசிக் கூட்டத்தை அடக்கியதாக அவரை விமர்சித்த பாஸ்டன் வணிகர் ஒருவர் பதிந்திருக்கிறார். தொடரின் தள்ளாட்டத்தைவிட இந்த நிதானம்தான் பயமுறுத்துகிறது.

இடங்களுக்கு வருவோம். அக்டோபர் சனி, ஞாயிறுகளில் காரை எடுக்காதீர்கள். வண்டி நிறுத்துமிடங்கள் காலையிலேயே நிரம்பிவிடும், திரும்பும் சாலையும் நகராது. நார்த் ஸ்டேஷனிலிருந்து நியூபரிபோர்ட் அல்லது ராக்போர்ட் ரயிலில் அரை மணி நேரம், பிறகு நடை. சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1992-இல் அமைத்த நினைவிடத்தில் மதிலிலிருந்து நீளும் 20 கல் இருக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த விதம், தேதி. 19 பேர் தூக்கில் இறந்தவர்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரை மட்டும் மேலே கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

நினைவிடத்தை ஒட்டிய அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘மேதர்’ என்று ஒரு கல் கண்ணில் படும், உடனே படம் எடுத்துக்கொள்வார்கள். அது காட்டனின் தம்பி நத்தானியேல், 1688-இல் 19 வயதில் இறந்தவர். பத்தொன்பதே குளிர்காலம் கண்ட முதியவர் என்று கல்லில் பொறித்திருக்கிறது. காட்டனின் கல்லறை பாஸ்டன் நார்த் எண்டின் காப்ஸ் ஹில்லில் இருக்கிறது. அங்கேயும் பக்கத்தில் ஒரு சார்ட்டர் தெரு ஓடுவதால் மேப்பில் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

தூக்கிலிட்ட இடம் போப் தெருவின் பிராக்டர்ஸ் லெட்ஜ் என்று 2016-இல் அறிவித்து, 2017-இல் சிறு நினைவிடம் கட்டினார்கள். சுற்றிலும் வீடுகள், வண்டி நிறுத்த வசதியில்லை, சத்தம் போடாமல் போய்வர வேண்டிய இடம். குற்றச்சாட்டுகள் கிளம்பிய சேலம் கிராமம் இன்றைய டான்வர்ஸ். அங்கே ரயில் போகாது. அந்தக் கிராமத்தின் போதகர் சாமுவேல் பாரிஸ் குடியிருந்த வீட்டின் அடித்தளம் 1970-இல் தோண்டியெடுக்கப்பட்டு வீடுகளுக்கு நடுவே திறந்தபடி இருக்கிறது.

தொடர் கண்டுகொள்ளாத இன்னொரு போதகர் நமக்கு நெருக்கமானவர். சேலம் சபையின் மூத்த போதகர் ஜான் ஹிக்கின்சனுக்கு அப்போது எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. 1692 ஜூனில் அவருடைய மகள் ஆன் டாலிவர்மேலும் சூனியக் குற்றச்சாட்டு வந்தது. தூக்குவரை போகாமல் தப்பினார். ஜானின் மகன் நத்தானியேல் ஹிக்கின்சன் 1688-இல் மதராஸின் முதல் மேயர் ஆனவர், 1692 அக்டோபரில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அந்தப் பதவியில் அவருக்கு முன் இருந்த எலைஹு யேலும் பாஸ்டனில் பிறந்தவர்தான். கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு உதவி கேட்டு 1718-இல் யேலுக்குக் கடிதம் எழுதியவர் வேறு யாருமல்ல, காட்டன் மேதர். யேல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது, கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது.

தரங்கம்பாடிக்கும் மேதர் எழுதினார். அங்கே இருந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்கு 1717 கடைசியில் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை, பதில் போட்டவர் உடன் ஊழியர் கிரண்ட்லர். இரண்டையும் சேர்த்து 1721-இல் பாஸ்டனில் ‘இந்தியா கிறிஸ்தியானா’ என்ற சிறு நூலாக மேதர் அச்சிட்டார். லத்தீனும் ஆங்கிலமும் கலந்த அந்த நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சேலம் போகும் ரயிலில் பாதியாவது படித்துவிடலாம்.