25 சென்டிமீட்டர் சுவர்: பெர்லின் 1990 மேடையைத் தெர்மாகோலில் செய்து பார்த்தது

நவராத்திரி முடிந்து கொலுப்படியைப் பிரித்தபோது மூன்று தெர்மாகோல் ஷீட் மிச்சம் இருந்தது. அரை அங்குலத் தடிமன், ஒன்றில் மட்டும் ஓரம் உடைந்திருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. கிறுக்கு அங்கேதான் பிடித்தது.

செய்ய நினைத்தது, 1990 ஜூலை 21 சனிக்கிழமை இரவு பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவில் முன்பு இருந்த ரோஜர் வாட்டர்ஸ் பெர்லினில் நடத்திய 'தி வால்' கச்சேரியின் மேடை. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. எட்டு மாதம் கழித்து, சுவர் ஓடிய அதே போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பொட்டலில் இந்தக் கச்சேரி. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு அன்றைக்கும் காகிதத்தில் இருந்தது. இரண்டு ஜெர்மனியும் ஒன்றானது அக்டோபர் 3ல்தான். பெரியப்பா மகன் வைத்திருந்த கேசட்டில் முதலில் கேட்டேன். வீடியோவாகப் பார்த்தது ரொம்பப் பின்னால். பார்த்தபோது பாட்டைவிட மேடைதான் கண்ணில் நின்றது. இசைப் பிரியர்கள் மன்னிக்கவும்.

பார்க்காதவர்களுக்காக: பாட்டுகள் போகப் போக, மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிக்கொண்டே வரும். பாதி நிகழ்ச்சிக்குள் பாடுகிறவர்கள் அதற்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். கடைசியில் மொத்தமும் சரியும். 1980-81ல் பிங்க் ஃபிளாய்ட் இதை உள்ளரங்குகளில் அட்டைக் கற்களை வைத்துச் செய்தார்கள். பெர்லினில் திறந்தவெளி, அதனால் அளவு எங்கேயோ போய்விட்டது. மேடை வடிவமைப்பு மார்க் ஃபிஷர், ஜோனதன் பார்க். பொம்மைகளும் ஓவியங்களும் ஜெரால்ட் ஸ்கார்ஃப். சுவரின் நீளம் சுமார் 168 மீட்டர், உயரம் 25 மீட்டர். கற்கள் சுமார் 2,500, எல்லாம் நம் தெர்மாகோல் வகையறா.

ஒரு கல்லின் அளவு எனக்குக் கிடைக்கவில்லை, கணக்குப் போட்டேன். நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி 2,500ஆல் வகுத்தால் கல்லுக்கு 1.7 சதுர மீட்டர் வருகிறது. நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஒரு கல் 1.85 சென்டிமீட்டர் நீளம், 0.93 உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். 27 வரிசை. முழுச் சுவரும் 168 சென்டிமீட்டர் ஆகிவிடும், எங்கள் ஹாலில் டி.வி.யைக் கழற்றினால்தான் இடம். வீட்டில் அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. நடுப்பகுதி மட்டும், 60 சென்டிமீட்டர் என்று முடிவானது.

அளவு போடும்போதுதான் ஒன்று உறைத்தது. நிஜப் பெர்லின் சுவரின் கான்கிரீட் பலகை 3.6 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம். என் அளவில் 3.6 சென்டிமீட்டர், தீப்பெட்டியின் நீளத்தைக்கூட எட்டாது. ஒரு சாம்பல் நிற அட்டையை அந்த அளவுக்கு வெட்டி, 25 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பென்சிலில் கோடு போட்டிருந்த சுவரின் காலடியில் சாய்த்து வைத்தேன். சுவர் போனதைக் கொண்டாட வந்தவர்கள், போனதைவிட ஏழு மடங்கு உயரமான ஒன்றை அதே இடத்தில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்! ஆனால் யோசித்தால், 28 வருடம் மனிதர்களைப் பிரித்து வைத்தது அந்தச் சின்ன அட்டைதான். பக்கத்தில் 1.7 சென்டிமீட்டர் மனிதனை வைத்தால் அவன் கை எட்டாது. அவ்வளவு உயரம் போதுமானதாக இருந்திருக்கிறது. மிச்ச வேலையைப் பின்னால் இருந்த வெற்று நிலமும் காவல் கோபுரமும் பார்த்துக்கொண்டன.

முதல் இரண்டு வாரம் வெட்டுவதிலேயே போனது. கத்தியில் வெட்டினால் தெர்மாகோல் பொரிப்பொரியாக உதிர்ந்து கை, சட்டை, பூனை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. நைக்ரோம் கம்பியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, 12 வோல்ட் அடாப்டரில் சூடேற்றினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. புகை நல்லதல்ல, பால்கனியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ஒரு நாள் நடுவில் மின்சாரம் போய், கம்பி பாதிக் கல்லில் இறுகிக்கொண்டது. பெர்லினிலும் அன்று ஆரம்பத்திலேயே மின்சாரம் காலை வாரியிருக்கிறது. பாடகி சினேட் ஓ'கானர் 'மதர்' பாட்டைப் பாடும்போது கோளாறு. ஒத்திகையில் பதிந்ததைத்தான் பிற்பாடு வீடியோவில் சேர்த்தார்கள். எனக்கு ஒத்திகைப் பிரதி எதுவும் இல்லை, கம்பியை மாற்றினேன்.

அப்புறம் ஒரு முட்டாள்தனம். அவசரத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். கண் முன்னாலேயே நாற்பது கல் குழிவிழுந்து, கரையான் அரித்த மாதிரி ஆகிவிட்டது. கரைப்பான் கலந்த எதுவும் தெர்மாகோலைத் தின்றுவிடும், கொலுவுக்கு வேலை செய்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் கரையும் பெயின்டும் வெள்ளைப் பசையும் மட்டுமே ஆகும்.

அடுத்து எடை. ஒரு கல்லுக்கு எடையே இல்லை. பத்து வரிசை அடுக்கினேன், பக்கத்து அறையில் ஃபேன் போட்டதும் சரிந்தது. பசை போட்டு ஒட்டினால் நிற்கும், ஆனால் விழாது. இந்த வேலையின் மொத்தத் தலைவலியும் இதுதான்: விழச் சொல்லும்வரை நிற்க வேண்டும், சொன்னதும் விழ வேண்டும். 25 மீட்டர் உயரத்தில், காற்று வீசும் பொட்டலில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்க்க இதைச் செய்தவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அதற்கும் முன்னால், அந்த நிலத்தில் போர்க்காலக் குண்டுகள் கிடக்கின்றனவா என்று தேடி, அப்புறப்படுத்திவிட்டுத்தான் மேடைக்கே கால் நட்டார்கள்.

வழி அவர்களிடமே இருந்தது. பெர்லினில் சுவரின் பெரும்பகுதியை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். மீதிதான் நிகழ்ச்சியின்போது அடுக்கியது. நானும் இருபுறமும் 15 சென்டிமீட்டரை அட்டையில் ஒட்டி இறுக்கினேன். நடுவில் 30 சென்டிமீட்டர் மட்டும் பசையில்லாக் கற்கள், வரிசைக்கு 16 வீதம் 432. சாக்பீஸ் பொடியைப் பசைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொன்றையும் முக்கி எடுத்துக் காயவைத்தேன். கொஞ்சம் கனம் வந்தது. முகமும் சுண்ணாம்படித்த மாதிரி அழகாகிவிட்டது, அது எதிர்பாராதது.

தள்ளிவிட ஊசி போடும் சிரிஞ்ச். மெல்லிய குழாயின் இரு முனையிலும் ஒவ்வொன்று. இந்தப் பக்கம் அழுத்தினால் சுவருக்குப் பின்னால் இருப்பது நீளும். முதல் சோதனைக்கு வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அழுத்தினேன். ஒரே ஒரு கல் 'டொக்' என்று முன்னால் விழுந்தது. விழுந்த பல் மாதிரி நடுவில் ஓட்டை. மற்ற 431ம் அசையவில்லை.

"அப்பா, ஜன்னல் வச்சிருக்கீங்களா?" என்றாள் மகள்.

சிரிஞ்ச் முனையில் ஐஸ் குச்சியைக் குறுக்காக ஒட்டினேன், ஒரே நேரத்தில் ஐந்தாறு கற்களைத் தள்ளும். குழாயில் காற்று இருந்ததால் அழுத்தம் தாமதமாகப் போனது. தண்ணீர் நிரப்பி, குமிழியைத் தட்டித் தட்டி வெளியேற்றினேன். மூன்று சிரிஞ்ச், மூன்று உயரத்தில். மேலே இருப்பதை முதலில் தள்ள வேண்டும் என்பதை நான்கு தடவை தோற்றபிறகு கண்டுபிடித்தேன். கீழே தள்ளினால் மேல் பாதி நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்கிறது.

போன ஞாயிறு சரியாக வந்தது. அந்தக் கச்சேரியில் வான் மாரிசன் என்ற பாடகர் பாடுவதை ஓடவிட்டபடி கடைசி வரிசையை மகள் அடுக்கி முடித்தாள். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவர் மேல் அடித்தோம். பெர்லினில் சுவர்தான் திரை, அதன்மேல்தான் படங்கள் ஓடின. மேல் சிரிஞ்சை அழுத்தினேன். உச்சியில் ஒரு வயிறு தள்ளியது, ஒரு கணம் அப்படியே நின்றது, அப்புறம் மொத்தமும் சலசலவென்று கொட்டியது. சத்தம் நெல் அளக்கிற மாதிரி இருந்தது. அடியில் எட்டு வரிசை மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டது.

432ஐத் திரும்ப அடுக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. கீழ் எட்டு வரிசைக்கு நான்காவது சிரிஞ்ச் வைக்கலாமா, விட்டுவிடலாமா என்று யோசனை. முன்னால் நிறுத்தியிருந்த 3.6 சென்டிமீட்டர் அட்டை குவியலுக்குள் எங்கோ போய்விட்டது. சோபாவுக்கு அடியில் இன்னும் தேடவில்லை.