சிங்கப்பூர் டு நியூயார்க்: கடிகாரத்தில் 11 மணி நேரம், முதுகில் 23

டாக்சிக்காரர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறமாட்டேன் என்கிறது. நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தின் வெளி வாசலில் ஒருவர் தானாக வந்து என் பெட்டியைப் பிடித்தார். அதே ஊரில் இருக்கும் ஃப்ளஷிங் பகுதிக்குப் போகணும் என்றேன். 95 டாலராம்! பாதி உலகத்தைச் சுற்றி வந்தவனிடம் கடைசி 15 கிலோமீட்டருக்கு இந்த விலை. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு விமான நிலைய ரயிலான ஏர்டிரெயினில் ஜமைக்கா (நாடு இல்லை, நியூயார்க்கின் ஒரு பகுதி) போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து 12 டாலர்கூட ஆகவில்லை.

சரி, தூரக் கணக்குக்கு வருவோம். தீர்க்கரேகைக் கணக்கில் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, முழுச் சுற்று 360-இல் ஏறக்குறைய பாதி. அதாவது பூமியின் அந்தப் பக்கம். உலக உருண்டையில் நூல் பிடித்தால் அது வட துருவத்தை உரசிக்கொண்டு போகும்: சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் இதைப் பதினெட்டரை மணி நேரம் போலப் பறக்கிறது. பெரும்பாலும் துருவத்துப் பக்கம் போகாமல், பசிபிக் மேலே அடிக்கும் மேல்காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் அதில் சாதா எகானமியே கிடையாது. மொத்தம் 161 இருக்கைதான்; பிசினஸ் இல்லையென்றால் பிரீமியம் எகானமி. விலையைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

நான் போனது ஃபிராங்க்ஃபர்ட் வழி. அதுவரை 10,300, அப்புறம் 6,200. கூடுதல் தூரம் 1,200 கிலோமீட்டர்தான், ஆனால் நேரம் நாலரை மணி கூடிவிட்டது. நடுவில் இரண்டு மணி நேரம் இறங்கி உட்கார வேண்டும், அட்லாண்டிக்கில் எதிர்க்காற்று வேறு. அங்கே ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் 4 யூரோ. வாங்கவில்லை, விமானத்தில் ஏறியதும் நாலு டம்ளர் கேட்டுக் குடித்தேன்.

கிடைத்தது நடு இருக்கை. ஜன்னலோரம் நியூஜெர்சிக்கு மகள் வீட்டுக்குப் போகும் மயிலாப்பூர் அம்மா ஒருவர். சிங்கப்பூரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறாராம். கிளம்பி மூன்றரை மணி நேரத்தில் திரையில் சென்னை என்று எழுத்து வந்தது. "தம்பி, இங்கேயே இறக்கிவிடச் சொல்லேன், கேஸை மூடினேனான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். பாவம், அதற்கு மேல் இன்னும் 19 மணி நேரம் இருந்தது அவருக்கு.

இரவு 11.55-க்குக் கிளம்பி, மறுநாள் காலை 11 மணிக்கு இறங்கினேன். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். வயிறுதான் குழம்பிப் போயிருந்தது.

ஃப்ளஷிங்கில் 1977-இல் கட்டிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்து கேன்டீனுக்காகத்தான் ஓட்டலுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு போனேன். காகிதத் தட்டை மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தோசை, ஓரம் கருகாமல் மொறுமொறுவென்று. சாம்பாரில் நிஜமாகவே பெருங்காய வாசனை! ஒன்று முடித்து இன்னொன்று சொன்னேன், அப்புறம் காபி. மதியம் 1 மணி. சிங்கப்பூரில் நடுராத்திரி தாண்டி 1.