இரண்டு தரம் கொண்டுபோன கிணற்று நீர்

முதல் தரம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோன பதினெட்டுப் போத்தலும் வீண். நைத்திரேற்று அளக்கும் நிறமானி, வைத்துப் பார்த்த ஒவ்வொன்றுக்கும் அளவெல்லையைத் தாண்டிவிட்டதென்றே காட்டியது. மூன்றாவது போத்தலோடு தொழினுட்ப உத்தியோகத்தர் வேலையை நிறுத்திவிட்டு, அமிலத்தன்மை காட்டும் பீஎச் தாளொன்றை எடுத்து நனைத்துப் பார்த்தார். தாள் கடுஞ்சிவப்பு. “சேர், இதுக்குள்ள நைத்திரிக் அசிட் விட்டனீங்களோ?”

விட்டிருந்தோம். எங்கள் பாடசாலை உயர்தர மாணவர் மூவர் செய்த ஆய்வு அது. முல்லைத்தீவு மாவட்டத்தில் விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று, புளோரைட்டு, வன்மை (நீரின் கடினத்தன்மை), இரும்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் நோக்கம். இரும்பு போன்ற உலோகங்கள் போத்தல் சுவரில் படிந்துவிடாமல் இருக்க, பீஎச் 2க்குக் கீழே இறங்கும்வரை நைத்திரிக்கமிலம் சேர்க்க வேண்டும். அந்த முறையில் பிழையில்லை. ஒரே போத்தலில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்ததுதான் பிழை. போத்தலைத் திறக்க முன்னம் ஒரு கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். செறிந்த நைத்திரிக்கமிலத்தின் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 16 மூல். அரை லீற்றர்ப் போத்தலுக்கு 1 மில்லிலீற்றர் விட்டால் 0.016 மூல். நைத்திரேற்று அயனின் மூலர்த் திணிவு 62 என்பதால் அது கிட்டத்தட்ட 1 கிராம், அதாவது லீற்றருக்கு 2000 மில்லிகிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 50. அந்த நீரில் கிணற்றின் நைத்திரேற்றைத் தேடினால் கிடைத்திருக்காது. வன்மைக்கும் அது உதவவில்லை. அவ்வளவு அமிலத்தை முதலில் நடுநிலையாக்காவிட்டால், பீஎச்சை நிலையாக வைக்க விடும் தாங்கற் கரைசலாலும் அது 10க்கு ஏறாது, முடிவைக் காட்டும் காட்டியும் சரியாக நிறம் மாறாது.

ஆகவே நீங்களும் பிள்ளைகளை வைத்து இப்படிச் செய்வதென்றால், கிணறு ஒன்றுக்கு இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்று உலோகத்துக்கு, அமிலத்தோடு. மற்றது நைத்திரேற்று, புளோரைட்டு, வன்மை மூன்றுக்கும், எதுவும் சேர்க்காமல் ஐஸில். இரண்டும் பிளாஸ்ரிக் போத்தலாக இருக்கட்டும். புளோரைட்டு கண்ணாடியோடு தாக்கம் புரியக்கூடியது. அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசிவிட்டு, காற்று இடைவெளி விடாமல் நிரப்ப வேண்டும். அமிலம் முன்கூட்டியே விட்டு வைத்த போத்தலை மட்டும் அலசக்கூடாது. அலசினால் அமிலமும் போய்விடும். பம்பு பூட்டிய கிணறென்றால் ஐந்து நிமிடமாவது ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும், குழாயில் நின்ற பழைய நீரில் அர்த்தமில்லை. பீஎச்சையும் மின்கடத்துதிறனையும் கிணற்றடியிலேயே அளந்து எழுதிவிடுங்கள். கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வழியில் வெளியேற, ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும்போது பீஎச் மாறியிருக்கும்.

மாதிரி இலக்கத்தை மூடியில் எழுதாதீர்கள். பத்துப் போத்தலை ஒன்றாகத் திறந்து மூடும்போது மூடிகள் கட்டாயம் மாறும். போத்தலின் உடலில் எழுதி, மேலே தெளிந்த செலோரேப் ஒட்டுங்கள். முதல் தரம் நாலு போத்தலின் எழுத்து ஐஸ் நீரில் கரைந்துபோய்விட்டது. ஐஸுக்கு வன்னியில் அலையத் தேவையில்லை, கரைப்பக்கத்து மீன் வாடிகளில் உடைத்த ஐஸ் கிடைக்கும். ஆனால் அது மீனுக்கான ஐஸ். உருகிய நீர் மூடி வழியாக உள்ளே போகாதபடி ஒவ்வொரு போத்தலையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் கட்டி, பிறகுதான் ரெஜிபோம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஏ35 வீதியால் பரந்தன் வந்து, ஏ9இல் பல்கலைக்கழக ஆய்வுகூடம் இருக்கும் அறிவியல் நகர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அந்தப் பெட்டியை இயந்திர மூடிக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். இடம் இருப்பது அங்கேதான் என்று கொண்டக்டர் சொல்லுவார். அந்தச் சூட்டில் ஐஸ் பாதி வழிகூடத் தாங்காது.

இனிக் கடிதம். மூன்று கிழமையைத் தின்றது இதுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா, செட்டிகுளம், மன்னார்ப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் கிட்டவாக இருக்கும். ஆய்வுகூடத்தைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட விரிவுரையாளர்கள் பின்நிற்பதில்லை. எங்கள் மின்னஞ்சலுக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. தடை வந்தது இந்தப் பக்கத்தில். பிள்ளைகளைப் பாடசாலை நாளில் வெளியே கூட்டிப்போக அனுமதி கேட்ட கடிதம் ஒரு கல்விப் பணிமனை மேசையில் அசையாமல் கிடந்தது. மூன்றாவது தரம் நேரில் போய்க் கேட்டபோதுதான் காரணம் சொன்னார்கள்: கடிதத்தில் ‘அதிபர் ஊடாக’ என்ற வரி இல்லை. அதிபரின் கையொப்பமும் முத்திரையும் கீழே இருந்தன. ஆனாலும் மேலே அந்த வரி இல்லாததால் அது ‘தனிப்பட்ட கடிதம்’ என்று ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் நாளே ஒரு போன் எடுத்துச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. உயர்தரப் பிள்ளைகளுக்கு மூன்று கிழமை சின்ன விசயமல்ல.

அதனால் பெறுநரின் பெயருக்குக் கீழே ‘ஊடாக: அதிபர்’ என்று தனி வரியாகப் போடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதும் கடிதத்தைத் துறைத் தலைவருக்கு முகவரியிட்டு, பீடாதிபதிக்கு ஒரு பிரதி வையுங்கள். ‘ஆய்வுகூட வசதி தந்துதவவும்’ என்று பொதுப்பட எழுதினால், எதற்கு ஆம் என்பது என்று அவர்களுக்கும் தெரியாது. பதினெட்டு மாதிரி, எந்தெந்த அளவீடு, எத்தனை பிள்ளைகள், எந்த இரண்டு நாள், கூட வரும் ஆசிரியர் யார் என்று எழுதுங்கள். போத்தலும் கையுறையும் நாங்களே கொண்டுவருவோம் என்றும் சேர்த்துவிடுங்கள். கடிதத்தைக் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியைக் கையில் வைத்திருங்கள். நைத்திரேற்று மாதிரி 4 பாகை செல்சியசில் இருந்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் நுண்ணங்கிகள் அளவை மாற்றிவிடும். பாடசாலை லீவென்று இரண்டாம் தரமும் ஞாயிறிலேயே எடுக்க இருந்தோம். வெள்ளிக்கிழமை எடுத்த ஒரு போனில் தொழினுட்ப உத்தியோகத்தர், திங்கள் போயா விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டு என்றார். ஞாயிறு காலை எடுத்த நீர் செவ்வாய் காலைதான் உள்ளே போயிருக்கும், 48 மணித்தியாலமும் முடிந்திருக்கும். செவ்வாய் விடியற்காலை எடுத்து, அன்று மதியத்துக்கு முன்னமே ஒப்படைத்தோம். பல்கலைக்கழகப் பரீட்சைக் காலத்தையும் இதேபோல் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

புளோரைட்டு பிரச்சினையில்லாமல் முடிந்தது. நைத்திரேற்றில் இன்னொரு குழி இருந்தது. நிறமானி காட்டும் எண் பல வேளைகளில் நைத்திரேற்று அல்ல, நைத்திரேற்றாக இருக்கும் நைதரசன். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் அது இருக்கும். ஒரு கிணற்றுக்கு 12.4 என்று வர, பிள்ளைகள் 50க்குக் கீழே, பாதுகாப்பானது என்று எழுதிவிட்டார்கள். அதை நைத்திரேற்றாக மாற்ற 4.43ஆல் பெருக்கினால் 54.9. எல்லையைத் தாண்டிய கிணறு. இதைப் பிடித்தது குழுவில் இருந்த பிள்ளைதான், நாங்கள் அல்ல. அலகு எழுதாத எண்ணைக் கொப்பியில் ஏற்றவே கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டோம். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாகவும், ஒப்பிட்டுப் பார்க்கக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் நிரப்பிய போத்தல் ஒன்றும் கொண்டுபோங்கள். அவை இல்லாமல் போட்டி நடுவர் கேட்கும் முதற் கேள்விக்கே பதில் இருக்காது.

வன்மைக்குப் பல்கலைக்கழகத்தைக் கஷ்டப்படுத்த வேண்டாம், பாடசாலை ஆய்வுகூடம் போதும். 50 மில்லிலீற்றர் மாதிரியை கல்சியம், மகனீசியத்தோடு இணையும் 0.01 மூலர் ஈடிரீஏ கரைசலைத் துளித்துளியாக விட்டு நியமித்தால், அளவியின் மில்லிலீற்றர் வாசிப்பை 20ஆல் பெருக்க, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்று வன்மை வந்துவிடும். தாங்கற் கரைசல் விட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் கல்சியம் காபனேற்று படியத் தொடங்கும். இதற்கான காட்டி எரியோக்குரோம் கறுப்பு ரீ, கரைத்து வைத்தால் கெதியில் பழுதாகும். 0.5 கிராமை 100 கிராம் உப்போடு, சோடியம் குளோரைட்டோடு, அரைத்து வைத்தால் நெடுநாள் நிற்கும்.

தேசியப் போட்டி வழியாக ஐசெஃப் என்ற சர்வதேச விஞ்ஞான பொறியியல் கண்காட்சி வரை போகும் எண்ணமிருந்தால், முதல் கிணற்றில் வாளி விடமுன்னமே படிவங்களைப் பாருங்கள். குழுவில் மூவருக்கு மேல் கூடாது. ஆய்வுத் திட்டமும், பிள்ளையும் பெற்றோரும் கையொப்பமிடும் 1பி படிவமும் பரிசோதனைக்கு முந்திய திகதியில் இருக்க வேண்டும். முதல் வீண் பயணத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான்: இரண்டாம் தரத்துக்கு முன் திகதிகளை ஒழுங்காக்க நேரம் இருந்தது. 1சி படிவம் இதற்கு எதிர்மாறு. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என்ன உதவி கிடைத்தது, எதைப் பிள்ளைகள் தாங்களே செய்தார்கள் என்று அங்குள்ளவர் வேலை முடிந்த பிறகு எழுதித் தருவது அது. கடைசி நாளே வாங்கிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிராது. கிணற்றுக்காரரிடம் குடும்ப விபரம், நோய் விபரம் கேட்டுப் படிவம் நிரப்பினால் அது மனிதர்மீதான ஆய்வாகிவிடும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். நீரை மட்டும் கேளுங்கள்.

கிணற்றுக்காரரின் பெயரை அறிக்கையில் போடவில்லை. பெறுபேற்றை மட்டும் வீடு வீடாகத் துண்டில் எழுதிக் கொடுத்தோம். எல்லை தாண்டிய கிணறுகளின் துண்டில் இன்னொரு வரி: கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்த நீரை எடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்றுதான் போன வீடுகளில் பெரும்பாலானோர் நினைத்திருந்தார்கள்.

காலபோகப் பயிருக்கு யூரியா போட்டு, மாரி மழையும் ஓய்ந்த பிறகு, தை மாதம் அதே பதினெட்டுக் கிணற்றிலும் திரும்ப எடுக்க வேண்டும். முப்பத்தாறு போத்தல் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. அமிலத்துக்கானவற்றில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறது.