செயற்கை மொழிக்கு செமிட்டிக் வேர்கள்: முதலில் மெய்யைத் தேடுங்கள்

கதைக்காகவோ விளையாட்டாகவோ செயற்கை மொழி உருவாக்கும் பலர் அரபியிலிருந்து கிதாப் (புத்தகம்), காதிப், மக்தப் என்று நான்கைந்து சொற்களை எடுத்து, உயிரொலியைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, செமிட்டிக் (அரபி, எபிரேயம் முதலியவற்றின் மொழிக்குடும்பம்) வேர் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றிலும் வேர் என்பது க-த-ப என்ற மூன்று மெய்கள் மட்டும்தான், பொருள், எழுதுதல். மற்றதெல்லாம் வார்ப்பு, அதாவது வேர்மெய்களைச் சுற்றி வரும் உயிர்களும் ஒட்டுகளும். செய்பவரைக் குறிக்கும் வார்ப்பில் ஊற்றினால் காதிப், இடத்தைக் குறிக்கும் வார்ப்பில் மக்தப்.

அதனால் முதலில் ஒரு முடிவு வேண்டும். உங்கள் மொழி செமிட்டிக் குடும்பத்தில் பிறந்ததா, அரபியோடு பழகிச் சொல் வாங்கியதா? வாங்கியது என்றால் வேரைத் தொடாதீர்கள். வாங்குகிற மொழி முழுச் சொல்லைத்தான் வாங்கும், பிறகு தன் இலக்கணத்தைப் பூட்டும். துருக்கியில் கிதாபின் பன்மை கிதாப்லார். சுவாஹிலி இன்னும் ஒரு படி மேலே போய், கிதாபுவில் உள்ள 'கி'யைத் பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும் தன் ஒருமை முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டது, பன்மை விதாபு! தமிழிலும் ஜமாபந்தி, ஜமாத், ஜும்மா மூன்றுக்கும் 'சேர்த்தல்' என்ற ஒரே அரபி வேர்தான். பேசுகிறவர்களுக்கு அந்த உறவு தெரிவதில்லை.

குடும்பத்திலேயே பிறந்த மொழி என்றால் வேலை அதிகம். செமிட்டிக் மூதாதை மொழிக்கு அறிஞர்கள் ஒப்பிட்டு மீட்டுருவாக்கியிருக்கும் மெய்கள் 29, அரபியில் இருப்பவை 28. அரபி அகராதியை வைத்துத் தொடங்கலாம், ஆனால் சில ஒலிகளைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். அரபி 'ஃப' பழைய 'ப'. 'ஜ' என்பது 'தங்கம்' சொல்லில் வரும் 'க'. ஒட்டகத்துக்கு அரபியில் ஜமல், எபிரேயத்தில் காமால். 'ஸ' வந்தால் நிதானியுங்கள். அது இரண்டு பழைய ஒலிகள் கலந்தது. எபிரேய இணையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்: பல்லுக்கு அரபி ஸின், எபிரேயம் ஷேன், ஆகவே மரபான மீட்டுருவாக்கத்தில் 'ஷ', கைதிக்கு இரண்டிலும் 'ஸ' (அஸீர், ஆஸீர்), ஆகவே 'ஸ'.

பிறகுதான் உங்கள் சொந்த ஒலிமாற்ற விதிகள். எல்லோரும் விரும்பும் விதி, பழைய மெசொப்பொத்தேமியாவின் செமிட்டிக் மொழியான அக்காடியத்தைப் போலத் தொண்டை ஒலிகளை நீக்குவது. அங்கே ஐன் என்ற தொண்டை மெய்யும் தொண்டை ஹாவும் மறையும்போது பக்கத்து அகரத்தை எகரமாக்கிவிட்டுப் போயின. தலைவனைக் குறிக்கும் பஅல் அப்படித்தான் பேலு ஆனது. இதையே மூன்று வேர்களில் ஓட்டிப் பாருங்கள். ஹம்ஸா-ல-ம வலி (ஹம்ஸா தொண்டை அடைப்பொலி, அகரத்தை மாற்றாமலே மறைவது), ஐன்-ல-ம அறிதல், ஹா-ல-ம கனவு. மூன்றுக்கும் அ-அ வார்ப்பு (இரண்டு உயிரும் அகரம்) கொடுத்து, எகரம் சொல் முழுக்கப் பரவட்டும் என்று வைத்தால் வலி 'அலம்'. அறிவும் கனவும் இரண்டுமே 'எலெம்'. அகராதியில் 200 வேர் சேர்ந்த பிறகு இது தெரியவந்தால் பெரும் தலைவலி. விதியை எழுதிய அன்றைக்கே எல்லா வேர்களையும் அதில் ஓட்டிவிடுங்கள். மோதினால் விதியைத் தளர்த்தாதீர்கள், சொல்லை மாற்றுங்கள். அறிதலுக்கு எபிரேயத்தில் ய-த-ஐன் என்று வேறு வேர் இருக்கிறது. உங்கள் விதிப்படி அது 'யெதெ' ஆகும், கனவோடு மோதாது.

புது வேர் புனைந்தால் ஒரு கட்டுப்பாடு உண்டு. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1950-இல் செமிட்டிக் வேர்களில் காட்டியது: முதல் இரண்டு மெய்களும் ஒன்றாகவோ ஒரே இடத்தில் பிறப்பவையாகவோ வருவது மிக அரிது. ம-த-த சரி, த-த-ம ஒட்டாது. ப-ம-ர கூட ஒட்டாது, இரண்டும் இதழொலி.

வார்ப்புகள் ஆறேழு போதும். பத்து வேரைப் பத்து வார்ப்பில் ஊற்றி நூறு சொல் எடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி ஒலித்து, படிப்பவர் குழம்புவார். வேர்-வார்ப்பு அட்டவணையில் சில கட்டங்களைக் காலியாக விடுங்கள், பொருளும் கொஞ்சம் விலகட்டும்: அரபியில் மக்தப் அலுவலகம், மேசை, மக்தபா நூலகம், புத்தகக் கடை.

அப்பா, கை, இரத்தம், பெயர் போன்ற அடிப்படைச் சொற்களுக்கு மூன்று மெய் தேடாதீர்கள். அரபியிலேயே அப், யத், தம், இஸ்ம் எல்லாம் இரண்டு மெய்ப் பழஞ்சொற்கள்; இஸ்மின் இகரம் பின்னால் ஒட்டியது. இவற்றை அப்படியே எடுத்து, ஒலிமாற்றம் மட்டும் கொடுங்கள்.