மாமாவின் மொறிஸ் மைனரும் எனது பிக்கப்பும்

கனடாவுக்கு வந்து பதினோராவது பனிக்காலத்தில்தான் எனக்கென்று ஒரு பிக்கப் வாங்கினேன். அதுவரை கோப்பை கழுவினேன், இரவு வேலைக்குத் தொழிற்சாலைக்குப் போனேன், கடைசி நாலு வருடமும் இன்னொருவரின் வண்டியில் ஏறி ஸ்காபரோ முழுவதும் பனி வழித்தேன். சொந்த வண்டி என்றால் சொந்த ஒப்பந்தம். கோடையில் புல்லு வெட்டலாம், பனிக்காலத்தில் கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களை எடுத்துச் செய்யலாம். செவர்லே சில்வராடோ 2500, பழையது. பக்கவாட்டில் துரு இருந்தாலும் அடிச்சட்டம் நல்ல உறுதி.

பனி வழிக்கும் தகட்டை முன்னுக்கு மாட்டிய முதல் இரவே பிரச்சினை தெரிந்துவிட்டது. தகடும் அதைத் தூக்கும் சட்டமும் சேர்ந்து 350 கிலோவுக்கு மேல். அவ்வளவும் முன் சக்கரங்களுக்கும் முன்னால் தொங்குகிறது. வண்டி மூக்குக் குத்தி நின்றது. வீதியிலிருந்து தரிப்பிடத்துக்குள் ஏறும் இடத்தில், முழுக்கத் தூக்கி வைத்திருந்தும் தகட்டின் அடிவிளிம்பு சீமெந்தில் உரசியது. அதிகாலை மூன்று மணிக்கு, ஒரு மனிதர் இல்லாத இடத்தில், அந்தச் சத்தம் பல்லைக் கூச வைக்கும்.

தகட்டைக் கழற்றி விட்டாலும் இந்த வகை வண்டிகள் முன்பக்கம் கொஞ்சம் பதிந்துதான் நிற்கும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். பின்பெட்டியில் சுமை ஏற்றினால் பின்பக்கம் இறங்கும், அப்போது வண்டி மட்டமாக வரும். அந்த வித்தியாசத்தைப் போக்கத்தான் பலர் முன்பக்கத்தை உயர்த்துகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வடிவுக்காக. என்னோடு வேலை செய்த ஒரு பொடியன் ஒரு கராச்சில் கொடுத்து அரை நாளில் செய்வித்தான். உயர்த்திக் கொடுத்தவர்கள் சக்கரக் கோணத்தைப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். ஒரு கோடை முடிவதற்குள் அவனுடைய முன் ரயர் இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. அதைக் கண்ணால் கண்டதால் நான் அந்தப் பனிக்காலத்தை உரசலோடேயே ஓட்டி முடித்தேன்.

அடுத்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். கொழும்பிலிருந்து ரயில். பாதை திரும்பத் திறந்தது 2014இல். நான் நாட்டை விட்டு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை, அதனால் யன்னலோரம் இருந்து கொடிகாமம், சாவகச்சேரி என்று பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன்.

கோண்டாவிலில் சின்ன மாமா வீட்டில்தான் தங்கல். மாமா இளமையில் கோண்டாவில் பஸ் டிப்போவில் வேலை பழகியவர். பிறகு வீட்டு வளவிலேயே, மாமரத்துக்குக் கீழே, சொந்தமாகக் கராச் போட்டார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் ஊர்க் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகளில் அவருடையதும் ஒன்று. கார்பிறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். நான் சின்னப் பெடியனாக நின்று பெற்றோல் போத்தலைப் பிடித்திருக்கிறேன். இப்போது எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. முழங்கால் மடங்காது. ஆனாலும் ஒரு மொறிஸ் மைனர் இன்னும் மரத்தடியில் நிற்கிறது, கிழமைக்கு ஒருதரம் கிளப்பி ஓட்டுகிறார்.

இரவுச் சாப்பாடு முடிந்து முற்றத்தில் இருக்கும்போது தொலைபேசியில் என் வண்டியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"முன்னுக்குச் சுமை தூக்கப் போறியோ, வடிவு பாக்கப் போறியோ? முதல் அதைச் சொல்லு."

"சுமைதான் மாமா. தகடு நிலத்தில உரசுது."

"முன் சக்கரத்துக்கு என்ன ஸ்பிறிங்? சுருளோ?"

சுருள் இல்லை, ரோர்சன் பார், அதாவது முறுக்கில் வேலை செய்யும் இரும்புக் கம்பி என்றேன். மாமா சிரித்தார். "உது இங்கையும் நிக்குதடா. விடியட்டும்."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் முன் சக்கரங்களைத் தாங்குவதும் ரோர்சன் பார்தான். பிள்ளைப் பருவம் முழுவதும் அந்தக் காரைச் சுற்றி ஓடியிருக்கிறேன், அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

காலையில் மாமா காரை ஜக் வைத்துத் தூக்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே இரண்டு பனங்குற்றிகளை முட்டுக்கொடுத்தார். நான் சாக்கை விரித்து அடியில் படுத்தேன். அவர் கதிரையில் இருந்தபடி நீட்டுத் தடியால் தொட்டுக் காட்டினார். முன் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கீழ்க்கையிலிருந்து ஒரு இரும்புக் கம்பி வண்டியின் நீளப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகிறது. அதன் மறுநுனி, இருக்கைக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறிய கையோடு பிணைந்து அசையாமல் நிற்கிறது. சக்கரம் மேலே எழும்பினால் கீழ்க்கை அந்தக் கம்பியை முறுக்கும்.

"தோய்ச்ச சாரத்தைப் பிழியிறம் எல்லே, அதுதான் இது" என்றார் மாமா. "ஒரு நுனியை நான் பிடிச்சிருக்கிறன், மற்ற நுனியை நீ முறுக்கிறாய். விட்டால் திரும்பி வரும். அந்தத் திரும்பி வாற பலத்திலதான் கார் நிக்குது."

சரி, உயரத்தை எப்படி மாற்றுவது? பிடித்திருக்கும் நுனியைத் திருப்பினால் போதும். மொறிஸ் மைனரில் கம்பியின் நுனி பல்லுப் பல்லாக வெட்டியிருக்கிறது. பின் கையைக் கழற்றி ஒரு பல்லுத் தள்ளி மாட்டினால் முன்பக்கம் ஏறும் அல்லது இறங்கும். என் சில்வராடோவில் அதே இடத்தில், அதே மாதிரிக் குறுக்குச் சட்டத்தில், பின் கையைத் தள்ளிப் பிடிக்க ஒரு பெரிய போல்ற் இருக்கிறது. அதை முறுக்கினால் பல்லு மாற்றத் தேவையில்லை. போல்ற்றின் படத்தைக் காட்டியதும் "வசதி செய்து வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

வாடகைக்கு ஓடிய கார்களைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆளுக்கு மேல் ஆள் ஏற்றி ஓடிய அந்த மொறிஸ்களில் எப்போதும் வலப்பக்கம்தான் முதலில் பதியுமாம். சாரதி ஒருநாளும் இறங்காத சுமை. "உங்கட நாட்டில சாரதி இடப்பக்கம். உன்ரை வண்டி இடப்பக்கம் பதிஞ்சிருக்கும், போய்ப் பார்" என்றார். பார்த்த உடனேயே இரண்டு போல்ற்றையும் ஒரே அளவு சுற்றக் கூடாது. சுற்றை எண்ணாதே, உயரத்தை அள. இதை மூன்று தரம் சொன்னார். இடப் பக்கத்துக் கம்பியையும் வலப் பக்கத்துக் கம்பியையும் மாற்றி மாட்டக் கூடாது என்பதையும் அப்போதுதான் சொன்னார். ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு முறுக்கிப் பழக்கப்பட்டது. தடைக்காலத்தில் உடைந்த கார்களிலிருந்து கம்பி கழற்றும்போது முதல் வேலையாகப் பெயின்ற்றால் இ, வ என்று எழுதி வைப்பாராம்.

தங்கச்சியின் மகளுடைய கணக்குக் கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியாக அவர் எழுதச் சொன்னது நான் எதிர்பாராதது. போல்ற்றைத் தொட முதல், பின் அச்சுக்குப் பின்னால் மண் மூட்டை போடு. முன்னுக்கு 350 கிலோ தொங்கும்போது பின்னுக்கும் பாரம் வேண்டும். துலா மிதிக்கிறது போலத்தான், இந்தப் பக்கம் பாரம் விழுந்தால் அந்தப் பக்கம் எழும்பும்.

திரும்பி வந்து, ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். ரயர்க் காற்றைச் சரிபார்த்து, மட்டமான கொங்கிறீற் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மேல் வளைவின் விளிம்பு வரை அளந்தேன். இடம் 54 சென்ரிமீற்றர். வலம் 55. மாமா சொன்னது அப்படியே இருந்தது. தகட்டை மாட்டிய பிறகு 49உம் 50உம். பின்பெட்டியின் கடைசியில் 270 கிலோ மண் மூட்டை அடுக்கியதும், ஒரு போல்ற்றும் தொடாமலே முன்பக்கம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பியது. அதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசம் பெரியது.

பிறகு தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு போல்ற்றுக்குப் போனேன். ஒன்ராறியோவில் வீதியில் கொட்டும் உப்பு இரும்பைச் சும்மா விடாது. இரண்டு நாள் முன்னதாகவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டு, வெளியில் தெரிந்த மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிறீஸ் பூசினேன். அடிச்சட்டத்தைத் தூக்கித் தாங்கியில் வைத்து முன் சக்கரங்களைத் தொங்கவிட்டேன். சக்கரம் தரையில் நிற்கும்போது போல்ற்றைத் திருப்பினால் வண்டியின் பாரம் முழுவதும் அந்த மரையில் விழும், மரை உரிந்துவிடும். தொங்கவிட்டால் முறுக்கு இளகி, சாதாரண நீளப் பிடியாலேயே சுற்றலாம். ஆனால் பின் கையையே கழற்றுவது வேறு வேலை. முறுக்கிய கம்பிக்குள் இருக்கும் பலம் ஆளைக் கொல்லும், அதற்குத் தனிக் கருவி வேண்டும். கோணம் மாற்றிய புதிய கைகளைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். போல்ற்றில் இடம் மிச்சமிருந்ததால் எனக்கு அது தேவைப்படவில்லை.

இடப்பக்கம் ஏழு சுற்று, வலப்பக்கம் ஐந்து. ஒரே தடவையில் இல்லை. இரண்டு சுற்று, இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் பத்து மீற்றர் உருட்டி அமரவிட்டு, திரும்ப அளந்தேன். உருட்டாமல் அளந்தால் பொய் அளவு வரும். ரயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை மேலேயே வைத்திருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு பக்கமும் 57. பின்பக்கம் வெறும் பெட்டியோடு அதைவிட மூன்று சென்ரிமீற்றர் உயரம். அந்த மூன்றையும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கோடையில் நான் ஈர மண்ணும் கல்லும் ஏற்றுபவன். முழுக்க மட்டமாக்கினால் சுமை ஏறியதும் வண்டி வானத்தைப் பார்க்கும், ஸ்ரேறிங் இலேசாகும்.

இப்படி உயர்த்துவதால் ஸ்பிறிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பி அதேதான், அதன் விறைப்பு மாறாது. மாறுவது சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடம். அந்த இடம் குறைந்தால் குழியில் இறங்கும்போது சக்கரத்தை மேல்ப்பக்கம் பிடித்திருக்கும் மேல்கை தடுப்பில் போய் அடிக்கும், அந்த அடியைத்தான் கடினம் என்று உணர்கிறோம். முன் சக்கரங்களுக்குப் போகும் அச்சின் மூட்டுகளும் கூடுதலாக மடங்கும். ஆசைப்பட்டு மேலே மேலே சுற்றாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இருட்டிய பிறகு கராச் கதவுக்கு முன்னால் 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தினேன். உயர்த்துவதற்கு முதல் நாள் இரவே விளக்கின் ஒளி விளிம்பு விழுந்த இடத்தில் கதவில் ரேப் ஒட்டி வைத்திருந்தேன். இப்போது ஒளி அதற்கு மேலே ஏறி நின்றது. எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் அடிக்கும் உயரம். திருகாணியைத் திருப்பி பழைய கோட்டுக்கு இறக்கினேன். மறுநாள் காலையில் முதல் ஆளாகச் சக்கரக் கோணம் பார்க்கும் கடைக்குப் போனேன். அளந்து பார்த்துச் சரிசெய்து, சரிசெய்ய முதலும் பிறகும் இருந்த எண்களை அச்சடித்துத் தந்தார்கள். அந்தத் தாளைக் கொப்பி ஒற்றையோடு சேர்த்து மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

டிசம்பர் முதற்கிழமை பெரிய பனி கொட்டியது. அதிகாலை மூன்று மணி, வழக்கமான கடைத்தொகுதி. தகட்டை முழுக்கத் தூக்கி, யன்னலைத் திறந்து வைத்து, வீதியிலிருந்து மெல்ல ஏறினேன். சத்தம் இல்லை. இறங்கித் திரும்ப ஒருதரம் ஏறினேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

பத்தரை மணித்தியால வித்தியாசம். ஊரில் மத்தியானம் ஒன்றரை, மாமா சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் இருப்பார் என்று எடுத்தேன்.

"உரசேல்லை மாமா."

"சரி. ரயரைத் தடவிப் பாத்தனியோ?"

"கடையில எல்லாம் அளந்து தந்தவங்கள்."

"அது அண்டைக்கு. பாரம் தூக்கி ஓடின பிறகு என்ன மாதிரி? உள்ளுக்கிருந்து வெளியால ஒருக்கால் தடவு, வெளியால இருந்து உள்ளுக்கு ஒருக்கால் தடவு. ஒரு பக்கம் வாளரம் மாதிரிக் கையில கொழுவினால் திரும்பக் கொண்டுபோய்க் காட்டு."

தொலைபேசியை வைக்காமலே இறங்கி, கையுறையைக் கழற்றி, இடப்பக்க ரயரில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்துத் தடவினேன். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வழுவழுப்பாக இருந்தது. மற்ற ரயரையும் பார்க்கச் சொன்னார்.