தம்பிட தலைச்சுத்து: ஆர் குற்றவாளி?

ஜூன் 14, சனி

விடிய தம்பி கட்டில்ல புரண்டு படுக்கேக்க வீடே சுத்துது எண்டு கத்திக்கொண்டு எழும்பினான். ஒரு நிமிசமும் வராது, நிண்டுட்டுது, ஆனா சத்தி எடுத்துப்போட்டான். சீசன் நேரம், நிலாவெளியில இருந்து புறாமலைத் தீவுக்கு ஆக்கள ஏத்த வேண்டிய நாள், கூட்டாளிக்கு கோல் எடுத்து போட்டை அவனிட்ட குடுத்தாச்சு. அம்மா பித்தம் எண்டு மல்லித்தண்ணி அவிச்சா. அப்பாவுக்கு எதுக்கும் ஒரே காரணம்தான், "அந்தக் கோதாரி இயர்ஃபோனை நாள் முழுக்க காதுக்க செருகிக்கொண்டு திரிஞ்சா தலை சுத்தாம என்ன செய்யும்?"

ஜூன் 15

இண்டைக்கும் வந்தது, வலப்பக்கம் திரும்பினா மட்டும். நிமிந்து இருந்தா ஒண்டும் இல்ல.

அப்பா சொல்றதில ஏதும் இருக்கோ எண்டு இரவு இருந்து வாசிச்சன். ஏஎல் பெடியளுக்கு உயிரியல் படிப்பிக்கிறனான் எண்டபடியா உள்காதுப் படம் கண்ணை மூடிக்கொண்டும் கீறுவன், கேக்கிற நத்தைச்சுருள் ஒரு பக்கம், சமநிலைக்கு மூண்டு அரைவட்டக் கால்வாயும் யூட்ரிக்கிள், சக்கியூல் எண்டு ரெண்டு குட்டிப் பையும் மற்றப் பக்கம். ஆனா படத்தைக் கீறிப்போட்டு நாங்கள் யோசிக்காத ஒண்டு இருக்கு, உள்ள ஓடுற அகநிணநீர் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதான். நடுவில மதில் இல்ல. சத்தத்தை உள்ள தள்ளுற ஏந்தியுரு எலும்புக்கு கிட்டவா இருக்கிறது சக்கியூல். அப்ப பலமான சத்தம் சமநிலைப் பக்கத்தையும் தட்டாம போகுமோ?

ஜூன் 18

கிளினிக் கூட்டிப்போனன். ஈஎன்டி டொக்டர் இவன்ட தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பிப் பிடிச்சுக்கொண்டு டக்கெண்டு மல்லாத்திப் படுக்க வச்சார், தலை மேசை விளிம்பில கொஞ்சம் தொங்க. வலப்பக்கம் செய்யேக்க கண்மணி ரெண்டும் துடிச்சுத் துடிச்சு ஓடினதை நானே பாத்தன், கொஞ்சம் பயமாத்தான் இருந்தது. டிக்ஸ் ஹோல்பைக் எண்ட சோதனை, 1952ல வந்தது. யூட்ரிக்கிளில இருக்கிற கல்சியம் காபனேற் துணிக்கைகள் கழண்டு கால்வாய்க்குள்ள விழுந்திட்டுதாம், அதான் திரும்பேக்க சுத்துது. "அண்மையில தலை எங்கயும் அடிபட்டதோ?" எண்டு கேட்டார். போன மாசம் போட்டை கரைக்கு இழுக்கேக்க கம்பியில மண்டை அடிச்சதை இப்பதான் வாய் திறந்து சொல்றான்!

பிறகு எப்லி எண்டு தலையை ஒவ்வொரு பக்கமா திருப்பித் திருப்பி துணிக்கையை வந்த இடத்துக்கே அனுப்பிவிட்டார். மருந்து இல்ல, ஊசி இல்ல. எழும்பி நடந்து வந்தான்.

அப்ப இயர்ஃபோன் நிரபராதி எண்டு தம்பி சிரிச்சான். டொக்டர் விடேல்ல, வந்தனீ காதையும் பாத்திட்டுப் போ எண்டார். கேக்கிற சோதனை ரிப்போட்ல கோடு நேரா வந்து 4000 ஹேட்ஸ்ல பள்ளத்தில விழுந்து திரும்ப ஏறுது, ரெண்டு காதிலயும். அந்த இடத்துப் பள்ளம் பெரும்பாலும் சத்தத்தால வாற அடி. தலைச்சுத்துக் கேஸ்ல விடுதலை, அடுத்த கேஸ்ல உள்ள.

ஜூன் 19

நேற்று டொக்டரிட்ட சக்கியூலைப் பற்றியும் கேட்டனான். பொறுமையா சொன்னவர், அதால இதை எழுதி வைக்க வேணும்.

மீனுக்கு நத்தைச்சுருள் இல்ல, பல மீனுக்கு கேக்கிற வேலையையே சக்கியூல்தான் பாக்குது. சில மீன்ட தலையை உடைச்சா வெள்ளைக் கல்லு வருமே, அது உள்காதுக் கல்லு. மனுசருக்கு வேலை மாறியிட்டுது, ஆனா அந்தப் பைக்கு இன்னும் சத்தம் எட்டுது. காதுக்குள்ள பலமான டக் சத்தம் குடுத்தா கழுத்துத் தசையில சின்ன மாற்றம் வரும், அதை அளக்கிற சோதனை 1990கள்ல சிட்னியில வளந்தது. சத்தத்துக்க கன காலம் கிடந்த ஆக்களில இந்தப் பதில் குறைஞ்சு இருக்கிறதை சில ஆய்வுகள் காட்டியிருக்கு. அதுக்காக பாட்டுக் கேட்டவன் எல்லாம் விழுந்து எழும்புறதில்ல, ஏனெண்டா கண்ணும் காலும் மூளையும் சேந்து ஓட்டையை அடைச்சிடும். வெளிச்சத்தில தெரியாது. இருட்டில, ஆடுற தரையில நிக்கேக்கதான் பிடிபடலாம் எண்டார். அதைக் கேட்டோண்ணதான் தம்பிட முகம் மாறினது, அவன் வேலையே ஆடுற தரையில.

1929ல இத்தாலிக்காரர் பியெத்ரோ டூலியோ புறாவின்ட அரைவட்டக் கால்வாயில ஓட்டை போட்டு சத்தம் குடுத்துப் பாத்தவர், புறா தலையைத் திருப்பினது. மனுசருக்கும் மேல் கால்வாயின்ட எலும்பு மெலிஞ்சு திறந்திருந்தா உரத்த சத்தத்துக்கே உலகம் சுத்தும், 1998லதான் அந்த வருத்தத்தை விளக்கி எழுதினவை. தம்பிக்கு அது இல்ல. புறாமலைக்கு போட் ஓட்டுறவனுக்கு புறாக்கதை நல்லாப் பிடிச்சிட்டுது. காதுக்குள்ள சத்தத்தைப் பிடிக்கிற மயிர்க்கலம் செத்தாலும் பறவைக்கு திரும்ப முளைக்கும் எண்டும் சொன்னன், எங்களுக்கு முளைக்காது.

ஜூன் 27

சுத்து இல்ல. ஃபோன்ல சத்த எச்சரிக்கையைப் போட்டு விட்டன். உலக சுகாதார நிறுவனம் வளந்த ஆக்களுக்கு 80 டெசிபல் எண்டா கிழமைக்கு 40 மணித்தியாலம் எண்டுது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற நேரம் பாதியாகும், 100ல கிழமை முழுக்கச் சேத்து வெறும் 20 நிமிசம். இவன் அதை பஸ் ஸ்டாண்ட்ல இருந்து உப்புவெளி தாண்ட முதலே முடிச்சிருப்பான்.

எனக்கு இதில ஒரு எண்ணம் இருக்கு, பெடியளை மட்டும் ஏசிப் பிரயோசனம் இல்ல. பஸ்ஸில டிரைவர் போடுற பாட்டு, அதை அமத்த இவன் போடுற பாட்டு, போட்ல எஞ்சின், அதுக்கும் மேல பாட்டு. வெளிச்சத்தம் கூடக் கூட கை தானா வொல்யூமுக்குப் போகுது.

ஜூலை 10, போயா

லீவு எண்டு கொழும்பில இருந்து வந்த சனம் நிலாவெளி முழுக்க. தம்பி திரும்ப போட்ல, காதில ஒண்டும் இல்லாம. இரவு வந்து அப்பாவிட்ட மெதுவா விசயத்தை எடுத்தான், வெளிச்சத்தத்தை வெட்டுற நல்ல ஹெட்செட் ஒண்டு வாங்கினா குறைஞ்ச சத்தத்திலயே கேக்கலாமாம். நியாயமான கதைதான், நானும் ஆமா போட்டன், ஆனா பஸ்ஸில மட்டும், போட்ல போட்டா பின்னால ஒருத்தன் விழுந்தாலும் கேக்காது. அப்பா விலையைக் கேட்டார். சொன்னான். இப்ப அப்பாவுக்குத்தான் தலைச்சுத்தாம்.